மண்டியிட மறுத்த கதாநாயகி

அன்புள்ள அக்கா,

ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். காதல், ஆபத்து, இறைநம்பிக்கை மூன்றும் கலந்த கதை. ஆங்கிலத்தில் ‘இன்ஸ்பிரேஷனல் ரொமான்டிக் சஸ்பென்ஸ்’ என்று தனி வகையாகவே இருக்கிறதே, அதுதான். கதாநாயகி ஒரு நர்ஸ். இரவுப் பணியில் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். அவளுக்குக் காவலாக வரும் போலீஸ் அதிகாரிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பதினான்காம் அத்தியாயத்தில், அவள் ஒளிந்திருக்கும் வீட்டுக்கே கொலைகாரனின் ஆள் வந்துவிடுகிறான். அவள் மண்டியிட்டு ஜெபிக்க வேண்டும், சரியாக அந்த நேரத்தில் அதிகாரி வந்து காப்பாற்ற வேண்டும், அதில் அவனுக்கு நம்பிக்கை பிறக்க வேண்டும். இதுதான் என் திட்டம். எழுத உட்கார்ந்தால் அவள் மண்டியிடவில்லை. சன்னலை உடைத்து வந்தவனின் கையில் ரத்தம் வழிவதைப் பார்த்து, “உட்காரு, கட்டுப் போடுகிறேன்” என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைத் திட்டத்துக்கு இழுத்து வருவதா, அவள் போக்கில் விடுவதா? பாத்திரங்கள் தாமாகவே எதையோ செய்கின்றன என்பதெல்லாம் எழுத்தாளர்களின் அலட்டல் என்கிறாள் என் தோழி. உண்மையா? கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை மறைக்க வேண்டுமா? இந்த வகைக் கதையில் அத்தியாய அளவு, காதல் காட்சிகளின் எல்லை இதற்கெல்லாம் விதி உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகி

—

அன்புள்ள தங்கைக்கு,

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். உயிருக்கு ஆபத்து வரும்போது ஒருத்தியின் நம்பிக்கை என்ன செய்யும் என்பதைத்தான் நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். காதல் நாவல்கள் வெளியிடும் ஹார்லெக்வின் நிறுவனம் 1997-இல் இறைநம்பிக்கை கலந்த காதல் கதைகளுக்காக ‘லவ் இன்ஸ்பயர்ட்’ என்ற வரிசையைத் தொடங்கியது. 2005-இல் அதற்கு சஸ்பென்ஸ் வரிசை ஒன்றும் வந்தது. அங்கே எழுதுகிறவர்களுக்கு அளவு உண்டு, எல்லை உண்டு. நீங்கள் அங்கே எழுதவில்லை. விட்டுத்தள்ளுங்கள். கொலைகாரனை மறைப்பதா என்பதற்கு சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போதே பதில் சொல்லிவிட்டார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. இருப்பது தெரிந்துவிட்டால் 15 நிமிடப் பதைப்பு. உங்கள் கதைக்கு வேண்டியது பதைப்பு. மறைக்காதீர்கள்.

உங்கள் தோழிக்கு ஒரு தகவல். குழந்தைகளின் கற்பனைத் தோழர்களைப் பற்றி ஆராய்ந்த மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர், தன் சகாக்களோடு 50 புனைகதை எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாத்திரங்கள் தம் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும் அனுபவம் ஏதோ ஒரு வகையில் தங்களுக்கு உண்டு என்று 92 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் புத்தகம் வெளியிட்டவர்களும் உண்டு, வெளியிடாதவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் தந்த விளக்கமும் எளிமையானது. ஒருவரைப் பற்றி விடாமல் கற்பனை செய்து பழகிவிட்டால், அந்த வேலை தானாக நடக்கத் தொடங்கிவிடுகிறது. உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை, விளைவு மட்டும் வந்து நிற்கிறது. ஆகவே இது அலட்டலும் இல்லை, ஆவி வந்து எழுதுவதும் இல்லை. அந்த நர்ஸோடு பதிமூன்று அத்தியாயம் வாழ்ந்திருக்கிறீர்கள். பதினான்காவதில் அவள் என்ன செய்வாள் என்பது உங்களுக்கு முன்பாக உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டது.

இனி திட்டப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னம்மா திட்டம் அது? அவள் ஜெபிக்கிறாள், அவன் வருகிறான், வில்லன் விழுகிறான், அதைப் பார்த்து ஒரு நாத்திகன் மனம் மாறுகிறான். கடவுளை ஆம்புலன்ஸ் ஆக்கிவிட்டீர்கள். கூப்பிட்டவுடன் வந்தால் நல்ல கடவுள். அப்படியானால் நேரத்துக்கு வராமல்போன பிரார்த்தனைகளை என்ன செய்வீர்கள்? உங்கள் கதையின் முதல் அத்தியாயத்தில் ஒருவன் கொலை செய்யப்படுகிறானே, அவன் கடைசி மூச்சில் யாரையும் கூப்பிடவில்லையா? அந்தக் கேள்வி உங்கள் நர்ஸுக்கு வராமல் இருக்குமா? ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்தவள் அவள். வார்டு வாசலில் உறவினர்கள் கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு உயிர் பிரிவதை எத்தனை முறை பார்த்திருப்பாள்! அதற்குப் பிறகும் அவளிடம் மிச்சமிருக்கும் நம்பிக்கைதான் நம்பிக்கை. அதற்கு நீங்கள் போட்டுவைத்த காட்சி ரொம்பச் சின்னது. அதனால்தான் அவள் அதற்குள் வரவில்லை.

இந்த வகைக் கதைகளை நான் நேசிக்கிறேன். இவற்றை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: இந்த வகையைக் கெடுப்பது கொலையும் இல்லை, காதலும் இல்லை. நேரம் பார்த்துப் பலிக்கும் பிரார்த்தனை.

என் நாவல் ஒன்றில் ஒரு தகப்பனார் வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரார்த்தனை தவறாதவர். மகள் கடத்தப்பட்ட இரவில் அவர் விடியவிடியப் பிரார்த்திப்பதாக ஓர் அத்தியாயம் வைத்திருந்தேன். எழுதப்போனால் மனிதர் விளக்கைப் போட்டார், மகளின் செருப்பை எடுத்துவைத்துத் துடைக்க ஆரம்பித்தார். வார் அறுந்திருந்தது. ஊசியும் நூலும் தேடி எடுத்துத் தைத்தார். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். நான் காத்திருந்தேன். இப்போது வேண்டுவார், இதோ வேண்டுவார் என்று பார்த்தால், தைத்து முடித்த செருப்பை வாசலில் வைத்துவிட்டு விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காவல் நிலையத்தில், கடத்தியவனின் தாயை விசாரணைக்கு அழைத்து வந்திருந்தார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. பெஞ்சில் அவளைச் சுற்றி இடம் காலியாகக் கிடந்தது. இவர் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அதட்டிக் கேட்டவர்களிடம் வாய் திறக்காதவள், வெகுநேரம் கழித்து இவரிடம் பேசினாள். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கினால் மகன் எங்கே போய் ஒளிந்துகொள்வான் என்று சொன்னாள். பெண் அங்கேதான் இருந்தாள். செல்போன் சிக்னலை வைத்துக் கண்டுபிடிப்பதாக நான் போட்டுவைத்திருந்த அத்தியாயத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

கவனியுங்கள். அந்தப் பெஞ்சில் நம்பிக்கையும் துப்பும் தனித்தனியாக இல்லை. அவர் உட்கார்ந்ததால் அவள் பேசினாள், அவள் பேசியதால் கதை நகர்ந்தது. வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. காதல், ஆபத்து, நம்பிக்கை என்று மூன்று இழைகளைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பின்னுவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு பாத்திரம் செய்யும் ஒரு காரியத்தில் மட்டும்தான் அவை பின்னிக்கொள்ளும். வசனத்தில் பின்னாது, உபதேசத்தில் நிச்சயம் பின்னாது.

தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் எழுதிய ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் சோனியா என்ற பெண் பைபிள் வாசிக்கும் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். வளைந்த மெழுகுவர்த்தித் தாங்கியில் ஒரு துண்டு மெழுகுவர்த்தி எரிகிறது. கொலை செய்தவனுக்கு, அவன் கேட்டதால், லாசரு உயிர்த்தெழுந்த கதையை அவள் வாசிக்கிறாள். அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று ஒட்டுக்கேட்கிறான். காதல் இருக்கிறது, வேதம் இருக்கிறது, நெஞ்சு படபடக்கவைக்கும் ஆபத்தும் இருக்கிறது. கேட்டு முடித்து அவன் மண்டியிட்டு மனம் திரும்பினானா? இல்லை. அந்த மாற்றம் நாவலின் பின்னுரை வரை, சைபீரியச் சிறை வரை தள்ளிப்போகிறது. சோனியா வாசிக்கும் இந்த அத்தியாயத்தைத்தான், நாவலைத் தொடராக வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளாமல் திருத்தி எழுதவைத்தார்கள். நம்பிக்கையை நேர்மையாக எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழும், தெரிந்துகொள்ளுங்கள்.

பாத்திரம் திகைக்கவைப்பது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு தல்ஸ்தோயிடம் போக வேண்டும். ‘அன்னா கரேனினா’வில் அன்னா சாகக் கிடக்கிறாள். கணவன் வருகிறான். காதலன் விரோன்ஸ்கி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்னா கேட்டுக்கொள்ள, அந்தக் கைகளை முகத்திலிருந்து விலக்குவது கணவன்தான். மன்னித்தும் விடுகிறான். இதற்குப் பிறகு விரோன்ஸ்கி என்ன ஆனான் என்ற அத்தியாயத்தை தல்ஸ்தோய் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். திருத்தும்போது, தான் சற்றும் எதிர்பாராமல், ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல், விரோன்ஸ்கி தன்னைத்தானே சுட்டுக்கொள்ளப் போய்விட்டான் என்று 1876-இல் ஸ்திராகவ் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதினார். பிறகு வரப்போகும் கதைக்கு அது அவசியமாகவே இருந்தது என்றும் சொன்னார்.

இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவனைச் சுடவைத்தது ஒரு மன்னிப்பு. கணவன் திட்டியிருந்தால், சண்டைக்கு அழைத்திருந்தால், விரோன்ஸ்கிக்கு என்ன செய்வதென்று தெரியும். மன்னிக்கப்பட்ட பிறகு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருவன் பெரியவனாகிவிட்டான், இன்னொருவனால் அதைத் தாங்க முடியவில்லை. நல்ல காரியம் என்பது கதையில் விழுந்தால் நல்லதையே செய்யும் என்று நினைக்காதீர்கள். அது யாரை எங்கே தாக்கும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் போட்ட திட்டத்தில் ஜெபம் யாரையும் தாக்கவில்லை. எல்லாரையும் சௌகரியமாக உட்காரவைத்துவிட்டது.

அதற்காகப் பாத்திரம் எது செய்தாலும் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அலுப்புத் தட்டியதால் நடக்கும் திருப்பங்களும் உண்டு. நாளைக்கு அந்த நர்ஸ் திடீரென்று துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரி என்று தெரியவந்தால், அது அவள் வேலை இல்லை, உங்கள் வேலை. முன்னால் எழுதிய பக்கங்களில் அதற்கு விதை இருக்கிறதா பாருங்கள். பின்னால் வரப்போவதற்கு அது வேண்டுமா பாருங்கள். கட்டுப் போட்டதற்கு இரண்டும் இருக்கிறது.

பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அடப் பெண்ணே, ஒரு புதையலே இருக்கிறது. கண்ணாடி கிழித்த காயத்துக்கு நர்ஸ் என்ன செய்வாள்? முதலில், “மோதிரத்தைக் கழற்று, கை வீங்கும்” என்பாள். கண்ணாடித் துண்டு எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுத்தமான துணியை வைத்து அழுத்துவாள். கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்வாள். ரத்தம் ஊறி வந்தால் முதல் துணியை எடுக்க மாட்டாள், மேலேயே இன்னொன்றை வைப்பாள். பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. கொல்ல வந்தவனும் கொல்லப்பட வேண்டியவளும் பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்! ரத்தம் நின்றதும் அவன் என்ன செய்வான் என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இதைவிட்டுவிட்டு கதவை உடைத்து ஒருவனை உள்ளே வரவழைக்கப் பார்த்தீர்களே! மேஜைமேல் அவன் மோதிரம் கிடக்கிறது. அதை அவன் மறந்துவிட்டுப் போனால் கொலைகாரனிடம் போய்ச் சேர உங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். அவளைப் புனிதவதி ஆக்காதீர்கள். பயத்தில் தொண்டை வறண்டு போயிருக்கட்டும். கைக்குப் பழகிய வேலை அது ஒன்றுதான் என்பதால் கூட அவள் அதைச் செய்திருக்கலாம். அவள் ஜெபித்தாளா என்று எழுதவே வேண்டாம்.

காதலுக்கு வருகிறேன். காதல் கதை என்றால் இருவரும் சேர்வார்கள் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். ஆகவே பிழைப்பார்களா, சேர்வார்களா என்பதில் உங்களால் உண்மையான பதைப்பைக் கொண்டுவர முடியாது. சேரும்போது அவர்கள் யாராக இருப்பார்கள் என்பதில் கொண்டுவரலாம். உங்கள் அதிகாரி வந்து பார்க்கும்போது அவனுக்கு நம்பிக்கை துளிர்க்காது. கோபம்தான் வரும். இவளுக்காக இரவு பகலாகக் காவல் நின்றவன், எதிரிக்குக் கட்டுப் போட்டு அனுப்பிய இவளைப் பார்த்துக் கொதிப்பான். அவர்களுடைய முதல் நிஜமான சண்டை அங்கேதான். அவள் மீது தனக்கு இருப்பது கடமை மட்டும் இல்லை என்று அந்தச் சண்டையின் நடுவில் அவனுக்கு உறைக்கட்டும். கடவுளைப் பற்றி அவன் யோசிப்பதை இன்னும் பல அத்தியாயங்களுக்குத் தள்ளிவையுங்கள். கதை முடிந்தும் அவன் யோசித்து முடிக்காவிட்டால் அப்படியே விடுங்கள்.

அந்த மண்டியிடும் பத்தியை இன்றே அழித்துவிடுங்கள், வேறு அத்தியாயத்துக்கு ஆகும் என்று சேர்த்துவைக்காதீர்கள். மூன்றாவது நான்காவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், தனக்குப் பிடிக்காத ஒரு நோயாளியை அவள் கவனித்துக்கொண்ட ஒரு சின்ன இடத்தை எழுதுங்கள். பிறகு அதிகாரி உள்ளே வந்து அவளிடம் கேட்கும் முதல் கேள்வி எது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். “உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்டிருந்தால் அனுப்ப வேண்டாம், அந்த இடத்தை இன்னொரு முறை எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா