பிரெப் மாத்திரை விட்டுப்போகிறதா? அலாரத்தை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலை, அதுவும் வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். டாக்டர் எழுதிக்கொடுத்து எட்டு மாதமாக பிரெப், அதாவது எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை எடுக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகிறது. இரவு 9 மணிக்கு அலாரம் வைத்தும் பலனில்லை. ரூமில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியக்கூடாது. நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அந்த அலாரம் ஏன் கைகொடுக்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் ஆப்புக்கும் அதே கதிதான். 9 மணிக்கு போன் அடிக்கும்போது நீங்கள் பெரும்பாலும் ஆபீஸ் கேபில் இருப்பீர்கள், மாத்திரை டப்பாவோ ரூமில் துணிக்கு அடியில் இருக்கும். விரல் தானாகப் போய் அதை அணைத்துவிடும். பத்து நாள் இப்படி அணைத்துப் பழகிவிட்டால் அப்புறம் அந்தச் சத்தம் காதிலேயே விழாது.

இது உங்கள் தப்பு இல்லை. கென்யாவில் பிரெப் எடுத்த 348 இளம்பெண்களை இரண்டு வருடம் கவனித்தார்கள், டப்பாவைத் திறந்தாலே நேரத்தைப் பதிவு செய்யும் கருவியைக் கொடுத்து. பாதிப் பேருக்கு எஸ்.எம்.எஸ். ரிமைண்டர் போனது, பாதிப் பேருக்குப் போகவில்லை, கடைசியில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. நம் தென்னிந்தியாவிலும் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருந்த 631 பேரிடம் வாரம் ஒருமுறை தானியங்கி குரல் அழைப்பை முயன்று பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவு: பலனில்லை.

ஆனால் அதே கென்யாவில் இன்னொன்று பலித்தது, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் அதுதான். எச்.ஐ.வி. சிகிச்சையில் இருந்தவர்களுக்கு கிளினிக் நர்ஸிடமிருந்து வாரம் ஒரு எஸ்.எம்.எஸ். போகும். அதில் ஒரே வார்த்தை: "மாம்போ?" சுவாஹிலியில் எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். மாத்திரை பற்றிப் பேச்சே இல்லை. நன்றாக இருந்தால் "சாவா", சிக்கல் என்றால் "ஷிடா" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும், ஷிடா வந்தாலும் பதிலே வராவிட்டாலும் நர்ஸ் போனில் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் 62 சதவீதம், இது கிடைக்காதவர்களில் 50. பிற்பாடு சிகாகோவில் பிரெப் எடுத்த இளைஞர்களிடம் இதே பாணியில் வாரம் ஒருமுறை விசாரித்தபோதும், ரத்தத்தில் போதுமான மருந்து இருந்தவர்கள் அதிகமானார்கள். கேட்கவும் பதிலைப் பார்க்கவும் மறுபக்கம் ஒரு மனிதர் இருந்ததுதான் விஷயம் என்று நான் நம்புகிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். கடிகார நேரத்தை விடுங்கள், ஷிஃப்ட் மாறுகிறவருக்கு அது சரிப்படாது. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் தூங்கி எழுந்து பல் துலக்கத்தானே செய்வீர்கள், மாத்திரையை அதோடு சேர்த்துவிடுங்கள். சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். நான்கு மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் ஆபீஸ் பையில் வைத்திருங்கள். மறந்தது அன்றைக்கே ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

நம்பிக்கையான ஒருவரிடம், நண்பரோ கவுன்சலரோ, ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் "எத்தனை?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். டப்பாவில் மிச்சம் இருப்பதை எண்ணி அந்த எண்ணை மட்டும் அனுப்புங்கள். "23". யார் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. அப்படி ஒருவர் இல்லையென்றால் அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு இலவசமாகப் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஆப் வேண்டவே வேண்டும் என்றால் சாதாரண மாத்திரை ரிமைண்டர் போதும், மருந்தின் பெயரை "வைட்டமின்" என்று போட்டு, லாக் ஸ்கிரீனில் நோட்டிஃபிகேஷன் வாசகம் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். எந்த ஆப்பிலும் எச்.ஐ.வி. விவரத்தைப் பதிய வேண்டாம். ஆண்களைத் தேடும் ஆண்களுக்கான டேட்டிங் ஆப்பான கிரைண்டர் தன் பயனர்கள் பதிந்த எச்.ஐ.வி. நிலையை வெளியே இரண்டு நிறுவனங்களோடு பகிர்ந்தது 2018-ல் அம்பலமானது நினைவிருக்கலாம்.

வாரம் நான்கு ஐந்து மாத்திரைதான் உள்ளே போகிறது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்கள், திருநங்கைகள் மத்தியில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வாரம் நான்கோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்குத் தொற்று வரவில்லை, உண்மைதான். ஆனால் இரண்டு நாள் விடுகிற பழக்கம் மூன்றாகி நான்காக எத்தனை நாள் ஆகும்? பெண்கள் அந்தக் கணக்கை நம்பிவிடக் கூடாது, அவர்கள் தினமும் எடுத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனையையும் விடாதீர்கள். நாலைந்து நாள் தொடர்ந்து விட்டுப்போய், அந்தச் சமயம் ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், உறவுக்குப் பிறகு எடுக்கும் 28 நாள் தடுப்பு மருந்தை, உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பயன்.