சோய்யா கள்ளி: கேட்டீர்கள், சொல்கிறேன்

அரிசோனா, கலிபோர்னியா பாலைவனங்களில் நடை போகும் நண்பர்கள் சோய்யா கள்ளியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: இது ஆள்மேல் தாவுமாமே?

பதில்: தாவாது. கிளைத் துண்டுகள் செடியோடு லேசாகத்தான் ஒட்டியிருக்கும். பேன்ட் உரசினாலே ஒன்று கழன்று வந்துவிடும். உரசியதே தெரியாததால் தாவியதாகத் தோன்றுகிறது. விழுந்த துண்டு அங்கேயே வேர்விடும். செடி பெரும்பாலும் பரவுவது அப்படித்தான்.

கேள்வி: காலில் ஒட்டியதைப் பிடுங்கப் போய் விரலிலும் ஏறிக்கொண்டது. எப்படி எடுப்பது?

பதில்: கையால் மட்டும் தொடாதீர்கள். பல் அகன்ற சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, வெளிப்பக்கமாகச் சட்டென்று தள்ளுங்கள். அது எகிறிப் போய் விழும், எதிரில் யாரும் நிற்க வேண்டாம். மிச்ச முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக, குத்திய வாக்கிலேயே இழுங்கள். முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், தூண்டில் முள்போலப் பின்னோக்கி இருக்கும். அதனால்தான் ஏறும்போதைவிட எடுக்கும்போது அதிக வலி. தோலும் கூடவே கூம்பிக்கொண்டு எழும்பி வரும், பயப்படாதீர்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முள் உள்ளே ஒடிந்தாலோ, மூட்டில் ஏறினாலோ, வீங்கிச் சிவந்தாலோ டாக்டரிடம் போங்கள். கண்ணில் பட்டால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: நாயைக் கூட்டிப் போகலாமா?

பதில்: எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது. என் நாய் ஒருமுறை பாதத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் குனிவதற்குள் வாயால் பிடுங்கப் பார்த்தது. உதடு, நாக்கு எல்லாம் முள். முதலில் தலையைப் பிடித்திருக்க வேண்டும், அன்று எனக்கு அது தோன்றவில்லை. வாயிலோ தொண்டையிலோ ஏறினால் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், சீப்பைப் பையில் வையுங்கள். கலிபோர்னியாவில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் சோய்யா தோட்டப் பாதையில் நாய்களுக்கு அனுமதியே கிடையாது.

கேள்வி: கள்ளிப்பால்போல விஷமா?

பதில்: இல்லை. நம் ஊர்த் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம். அவற்றின் பால் கண்ணைக் கெடுக்கும். சோய்யாவில் பாலே கிடையாது. அரிசோனாப் பாலைவனப் பழங்குடியினரான டொஹோனோ ஓதாம் மக்கள் ஒருவகைச் சோய்யாவின் மொட்டுகளை முள் நீக்கி, வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: வீட்டு ஓரத்தில் இருப்பதை வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அரிசோனாவில் உள்ளூர்க் கள்ளிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த முட்களுக்கு நடுவேதான் கள்ளி ரென் குருவி கூடு கட்டுகிறது. பாதையில் உதிர்ந்து கிடக்கும் துண்டுகளை நீளமான இடுக்கியால் பொறுக்கினாலே போதும். வாரம் ஒருமுறை நான் அதைத்தான் செய்கிறேன்.