11 வயது மகள் சியர்லீடிங் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். திருகோணமலையில் எதிலிருந்து தொடங்குவது?

ஐபிஎல்லில் எல்லைக்கோட்டோரம் ஆடுவதை நினைத்துக்கொண்டு "பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையா" என்று எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இங்கே கேட்டிருப்பது போட்டி விளையாட்டு. அதன் உலகச் சம்மேளனத்துக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. வழக்கமான தளம் 54 அடிக்கு 42 அடி, நேரம் இரண்டரை நிமிடம். அதற்குள் கரணம், பாய்ச்சல், தூக்கு, நடனம் எல்லாம் முடிய வேண்டும்.

மகள் மெலிந்த பிள்ளை, அதனால் மேலே ஏறும் ஃப்ளையர்தான் என்று மனதில் வைத்திருப்பீர்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதல் சில மாதங்கள் முன்கரணம், கைகளில் சுழலும் கார்ட்வீல், பிறகு அதே போலச் சுழன்று இரண்டு காலும் ஒன்றாக இறங்கும் ரவுண்ட்ஆஃப். டச்பே கடற்கரையின் ஈரமணல் இதற்குத் தோதானது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு போங்கள். ஆனால் மணலில் ஆளைத் தூக்கவே கூடாது. பாரம் ஏறியதும் கீழே நிற்பவரின் குதி ஒரு பக்கம் புதையும், கணுக்கால் மடங்கும்.

தூக்குக்கு நாலு பேர் வேண்டும்: கீழே நின்று தாங்கும் பேஸ் இருவர், பின்னால் காவலுக்கு நிற்கும் பேக் ஸ்பாட், மேலே ஃப்ளையர். பேஸ்கள் முகம் பார்த்து நெருங்கி நின்று, ஆளுக்கொரு பாதத்தைக் குதியிலும் விரல் பக்கத்திலும் பிடிப்பார்கள். முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, காலால்தான் தூக்க வேண்டும். பாதம் தோளுயரத்தில் நிற்கும். பேக் ஸ்பாட் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே மேலே பார்க்க வேண்டும், ஒரு நொடியும் கண்ணை எடுக்கக் கூடாது. ஃப்ளையர் கீழே பார்த்தால் இடுப்பு பின்னால் போகும், பாரம் முழுக்கப் பேக் ஸ்பாட்டில் விழும். பேஸ்கள் அரையடி விலகினாலே அவளுடைய கால்கள் பிரிந்துவிடும். எடை குறைந்த பிள்ளையும் உடம்பைத் தளர விட்டால் தூக்க முடியாது.

இதற்கெல்லாம் முன் இடுப்புயரத்திலிருந்து இறக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். பேஸ்களின் கை முதுகுக்கும் தொடைக்கும் அடியில், பேக் ஸ்பாட்டின் கை அக்குளுக்கு அடியில்; தலையும் கழுத்தும் அவர் பொறுப்பு. விழும்போது ஃப்ளையர் கையை வீசினால் முழங்கை நேரே பேஸின் மூக்கில்தான் போய் இறங்கும். தொடக்க நிலைப் போட்டிகளில் தோளுக்கு மேல் தூக்க அனுமதியே இல்லை, ஆகவே அவசரப்பட ஒன்றுமில்லை. தோடு, காப்பு, சங்கிலி, கொலுசு எதுவும் ஆகாது. நேர்த்திக்குக் கட்டிய நூலாக இருந்தாலும் பயிற்சிக்கு முன் கழற்றச் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, மெல்லிய அடியுள்ள சப்பாத்துப் போடட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் உடற்பயிற்சிக் கண்காட்சி என்று வெறும் தரையில் மூன்று அடுக்குக் கோபுரம் கட்டி, உச்சியில் ஆகச் சின்னப் பிள்ளையை ஏற்றி, கொடியும் பிடிக்க வைக்கிறார்களே, அங்கே பின்னால் பிடிக்க யார் நிற்கிறார்? ஒரு மெத்தையாவது உண்டா? கேட்டால், மெத்தை போட்டால் படம் வடிவாக வராதாம்.