காது கேட்கிறது, ஆனால் பிடிபடவில்லை: கேள்வி பதில்

பேச்சொலி ஆய்வுக்கூடம் ஒன்றில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்பதுதான் எனக்குள்ள தகுதி. வேற்று மொழி ஏன் காதில் ஏறுவதில்லை என்று வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, டெல்லிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு 'கானா' என்றால் பையன் சிரிக்கிறான். அவன் சொல்வதும் நான் சொல்வதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

தம்பி, நம் எழுத்தில் 'கானா' என்று எழுதக்கூடிய இந்திச் சொற்கள் மூன்று: ஒற்றைக்கண்ணன், சாப்பாடு, பாட்டு. சாப்பாட்டில் க-வோடு மூச்சு சேர்ந்து வெடிக்கும், பாட்டில் தொண்டை முன்கூட்டியே அதிரும், நீங்கள் சொல்வதோ அநேகமாக இரண்டும் இல்லாத வெறும் க, ஆக தினமும் ஒற்றைக்கண்ணனை ஆர்டர் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். காதில் கோளாறு எதுவும் இல்லை. தமிழில் மூச்சு விட்டுச் சொன்னாலும் விடாமல் சொன்னாலும் பொருள் மாறாது, அதனால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மூளை சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

ஆங்கிலத்திலும் இதே கதைதானா? நான் குண்டூசி கேட்டால் வெள்ளைக்காரர் குப்பைத்தொட்டியைக் காட்டுகிறார்.

அதேதான். இரண்டையும் தமிழில் 'பின்' என்றுதானே எழுதுகிறோம்! ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பல்' என்று சொல்லிப் பாருங்கள், காகிதம் அசையாது. ஆங்கிலேயர் குண்டூசியைச் சொன்னால் படபடக்கும். லிஸ்கர், ஆப்ரம்சன் என்ற இருவர் 1964-இல் 11 மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள், தமிழும் அதில் உண்டு. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் ப வந்தால் உதடு திறந்து ஏறக்குறைய 50, 60 மில்லிவினாடி கழித்துத்தான் குரல் வரும். நமக்கு அநேகமாக உடனே வந்துவிடும். அவர்கள் காதுக்கு, உடனே குரல் வந்தால் அது குப்பைத்தொட்டியின் ப.

பேரன் அமெரிக்காவில், வயது 8 மாதம். தமிழ் கார்ட்டூன் போட்டுவிட்டால் காது பழகிவிடுமா?

அம்மா, கார்ட்டூனை நம்பாதீர்கள். ஆங்கில வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் த, ட இரண்டையும் பிரித்தறிகிறார்கள், ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது என்று கனடாவில் வெர்க்கரும் டீஸும் 1984-இல் காட்டினார்கள். அப்புறம் 2003-இல் பட்ரீசியா கூல் குழுவினர் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 தடவை சீன மொழி கேட்க வைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதே ஆட்களை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. வீடியோ காலை அந்த ஆய்வில் சோதிக்கவில்லை, ஆனாலும் பேரன் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பதில் சொல்லிப் பேசுகிறீர்களே, கார்ட்டூனைவிட அதையே நான் நம்புவேன்.

ஒலி, ஒளி, ஒழி மூன்றும் என் மகளுக்கு ஒன்றாகவே கேட்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இப்படி வரலாமா?

வீட்டில் நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? 'வாளப்பளம்' என்றால் அவள் ழ-வை எங்கிருந்து பிடிப்பாள்? எழுத்தில் இருப்பதால் மட்டும் காதில் வந்துவிடாது.

அமைதியான அறையில் ஆங்கிலம் நன்றாகப் புரிகிறது. ரயில் நிலையத்தில் சுத்தமாகப் புரிவதில்லை.

எல்லாருக்கும் அப்படித்தான். இரைச்சலில் தமிழிலும் பாதி ஒலி காணாமல்தான் போகிறது, மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம், 'சாப்டீ…ளா' என்று காதில் விழுந்தாலே போதும். இரண்டாம் மொழியில் இட்டு நிரப்பக் கையிருப்பு குறைவு.

எனக்கு 52 வயது. இனி காது மாறுமா?

மாறும், மெதுவாக. ர, ல வித்தியாசம் பிடிபடாத ஜப்பானியப் பெரியவர்களுக்கு 1990-களில் அமெரிக்காவில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு சொல்லைப் போட்டுக்காட்டி இதுவா அதுவா என்று கேட்பது, சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவது, அவ்வளவுதான். பலரின் குரலில் கேட்டவர்கள் புதுக் குரலிலும் பிடித்தார்கள், ஒரே ஆள் குரலில் பழகியவர்கள் அந்த ஆளோடு நின்றுவிட்டார்கள். அதனால் ஒரே ஆசிரியரின் வீடியோவை முப்பது தடவை போட்டுப் பார்க்காதீர்கள், சார்.