கௌரவப் பதவிக்காக மல்லிகைத் தோட்டத்தை அடகு வைக்கலாமா?

போன வாரம் நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா மல்லிகை விவசாயி. மகள் கல்வியியலில் பிஎச்டி முடித்து ஏழு மாதமாகிறது. கூடவே தாய்மாமா. அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் உயர்கல்வி ஆய்வு மையம் அந்தப் பெண்ணை ஓராண்டுக்குக் 'கௌரவ ஆய்வாளர்' ஆக்க முன்வந்திருக்கிறது. இணையவழிக் கருத்தரங்கில் இவள் வாசித்த கட்டுரையைக் கேட்ட பேராசிரியர் ஒருவரின் ஏற்பாடு.

"மேடம், ஒன்றரை ஏக்கரை அடகு வச்சா பதினெட்டு லட்சம் புரட்டிரலாம். அனுப்பிரலாமா?" என்றார் அப்பா.

ஐந்து நிமிடம் மனதாரப் பாராட்டினேன். முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்ணின் ஆய்வைக் கடல் கடந்து ஒருவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார், சின்ன விஷயமா? அதன்பின் ஒன்று கேட்டேன். "இந்தத் தாளில் சம்பளம் எங்கே போட்டிருக்கு?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. "கௌரவப் பதவிக்கு யாராவது சம்பளம் கேப்பாங்களா?"

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

'கௌரவ' என்ற சொல் படும் பாட்டை நம் ஊரில் பார்த்தவர்கள் நாம். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் சொன்னது. இங்கே கிடைப்பதோ அதைவிடக் குறைந்த தொகுப்பூதியம். இதிலாவது மாதா மாதம் ஏதோ கைக்கு வருகிறது. வெளிநாட்டு ஆய்வு மையங்களின் கௌரவ நியமனத்தில் அதுவும் கிடையாது. ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் துணைவேந்தர், அரசுத் துறையில் முழுநேர வேலையில் இருப்பவர், வேறு பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் கூட்டாளி என, சாப்பாட்டுக்கு வேறு வழி இருப்பவர்களை மனதில் வைத்து உண்டான ஏற்பாடு இது. உதாரணத்துக்கு, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் உயர்கல்வி ஆய்வு மையம் 1968இல் தொடங்கியது. உலகின் பழைய மையங்களில் ஒன்று. அந்தப் பல்கலைக்கழகத்தில் கௌரவப் பதவிக்கும் ஃபெல்லோ, சீனியர் ஃபெல்லோ, பிரின்சிபல் ஃபெல்லோ என்று சம்பளப் பதவிக்கு இணையாகப் படிநிலைகள் உண்டு. பெயர்ப்பலகை ஒன்றேதான். சம்பளச் சீட்டு மட்டும் இருக்காது.

சரி, போய்த்தான் பார்ப்போமே என்றால் செலவைக் கணக்குப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசா கேட்பவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டியதென்று அந்த அரசே 2024இல் வைத்த தொகை 29,710 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் 16 லட்சத்துக்குக் குறையாது. இவள் மாணவி இல்லை. ஆய்வுக்கு அழைக்கப்படுபவர்களுக்கான 408 பிரிவு விசாவில் போக வேண்டியவள். விசா பிரிவு மாறுகிறது என்பதற்காகச் சோற்றின் விலை குறையாது. விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் இதற்கு மேல். பன்னிரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது பயோடேட்டாவில் ஒரு வரி கூடியிருக்கும், கையில் தோட்டம் இருக்காது.

அந்த ஒரு வரியாவது இங்கே செல்லுபடியாகுமா? யுஜிசியின் 2018 விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் பிரிக்கும் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். பிஎச்டிக்கு 30. அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2, போனால் போகிறதென்று மொத்தம் 10. தற்காலிகப் பணியைப் பின்னாளில் சேவைக்காலமாகச் சேர்க்க வேண்டுமானால், அப்போது வாங்கிய ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். சம்பளமே இல்லாத ஆண்டை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இவ்வளவு நேரமும் பெண் பேசவே இல்லை. "நீ என்னம்மா நினைக்கிறே?" என்றதும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அவள் படித்த கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவது வருடம் வரை வந்தார்கள் என்று ஊர்வாரியாக, பஸ் ரூட் வாரியாகக் கையால் போட்ட அட்டவணை. கடைசி பஸ் சாயங்காலம் நாலரைக்கு என்றிருக்கும் ஊர்களிலிருந்து வந்த பெண்கள்தான் அதிகம் நின்றுபோயிருக்கிறார்கள். யாரும் கேட்காமல் அவளாகச் செய்தது. மாமா அந்த நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. நெட், டிஆர்பி தேர்வுகள், பி.எட். கல்லூரி வேலை பற்றியெல்லாம் உங்களுக்கு ஊரே சொல்லும். நான் சொல்லத் தேவையில்லை. யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்லூரியின் எண்களைப் படிக்கிற வேலை.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. கல்லூரிகளோ 2,800க்கு மேல். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இந்தக் கணக்கெடுப்புக்குப் படிவம் நிரப்ப வேண்டும். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்று வாங்கியிருந்தால் ஆண்டுத் தர அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கென்று ஐக்யூஏசி என்ற உள்தர உறுதிப் பிரிவு இருந்தாக வேண்டும். 2016 முதல் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை வேறு. இத்தனையையும் பல இடங்களில் யார் செய்கிறார்கள் தெரியுமா? தாவரவியலிலோ வணிகவியலிலோ வகுப்பெடுக்கும் ஒருவர், ராத்திரி பதினோரு மணிக்கு, தலையில் கைவைத்துக்கொண்டு. எண்ணைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் அங்கே அபூர்வம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றைக் காட்டினேன். என்ஐஆர்எஃப்புக்குக் கொடுத்த விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்துக்குள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று எல்லாமே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். அவள் ஒரு கல்லூரிக்குக் கையால் போட்டதை இருபது கல்லூரிக்குப் போடலாம், பைசா செலவில்லாமல். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றில் கல்விச் செலவு பற்றித் தனிக் கணக்கெடுப்பே உண்டு; குடும்பவாரித் தரவையே அரசு இலவசமாகத் தருகிறது. புள்ளிவிவரக் கணக்குகளுக்கான 'ஆர்' மென்பொருளும் இலவசம். ஆறு மாதம் உட்கார்ந்து பழகினால் போதும். மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளின் இடைநிற்றல் பற்றி அவள் எழுதும் இருபது பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் ஐக்யூஏசி கதவையும் தட்டலாம். டெல்லியில், கல்வித் திட்டமிடலுக்கான தேசிய நிறுவனமான நீபாவுக்குள் 2014 முதல் இயங்கும் உயர்கல்விக் கொள்கை ஆய்வு மையத்திலும் திட்டப்பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

இதிலும் குப்பை உண்டு. நாக் மதிப்பீடு நடக்கும் மூன்று மாதத்துக்கு மட்டும் ஆள் வைத்துக் கோப்பு தயாரிக்கச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. எண்ணை 'கொஞ்சம் தூக்கிப் போடு' என்பார்கள். லஞ்சப் புகாரில் நாக் ஆய்வுக்குழு உறுப்பினர்களையே 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்தது நினைவிருக்கும். பணி நியமன ஆணை, பிஎஃப், பதவியின் பெயர் மூன்றும் எழுத்தில் வராத இடத்தில் ஒருநாள்கூட உட்காரக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

"அப்போ ஆஸ்திரேலியாவுக்கு வேண்டாம்னு எழுதிரவா?" என்றாள் தயங்கி. வேண்டாம் என்று யார் சொன்னது? கடிதத்தை ஏற்றுக்கொள், விமானம் மட்டும் ஏறாதே. இப்படிப்பட்ட நியமனத்தை ஊரிலிருந்தே வைத்துக்கொள்ளப் பல மையங்கள் சம்மதிக்கும். நூலகக் கணக்கு ஒன்று கிடைத்தால் போதும், இங்கே ஒரு கட்டுரைக்கு முப்பது டாலர் கேட்கும் ஆய்விதழ்களெல்லாம் நிலக்கோட்டை வீட்டுத் திண்ணையில் திறக்கும். பதிலுக்கு அவர்களும் ஒன்று எதிர்பார்ப்பார்கள்: உன் கட்டுரையில் அவர்கள் பெயர். அது அவர்கள் கணக்கில் ஏறும். தப்பில்லை, தெரிந்து செய்ய வேண்டும்.

மாமாவிடம் தனியாக ஒரு வார்த்தை. கல்யாண ஜாதகத்தோடு கொடுக்கும் தாளில் 'ஆஸ்திரேலியாவில் பேராசிரியர்' என்று போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 'கௌரவ' என்ற முன்னொட்டை விழுங்கிவிட்டுப் பதவியைப் போடுவதைப் பல்கலைக்கழகம் ரசிக்காது. பெண் பார்க்க வருபவர்களும் கூகுள் செய்வார்கள்.

அப்பா பத்திரத்தை மஞ்சள் பையோடு மடியில் வைத்திருந்தார். நேரே அடகுக்காரரிடம் போவதாக இருந்ததாம். அதை இரண்டாக மடித்து உள்ளே தள்ளிக்கொண்டு, மல்லிகை விலை இறங்கிவிட்டதாக என்னிடம் புலம்பத் தொடங்கினார். மகள் அதற்குள் கைபேசியில் பேராசிரியருக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள். நேரில் வர வேண்டுமா, நூலக அனுமதி உண்டா, ஓராண்டில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகள். நான்காவதாக அந்த பஸ் அட்டவணையைப் படம் பிடித்து இணைக்கலாமா என்று கேட்டாள். இணைக்கச் சொன்னேன்.