ஹை கன்டென்ட் வுல்ஃப்டாக் குட்டியைக் குமரி மாவட்டத்தில் வளர்த்துப் பழக்க முடியுமா?

குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது, சுற்றி மதில் கட்டிக்கொள்கிறேன், ஓநாயும் நாயும் கலந்த வுல்ஃப்டாக்கில் ஓநாய் ரத்தம் அதிகமுள்ள குட்டியைச் சின்னதிலேயே வாங்கிப் பழக்கினால் வீட்டு நாய் போல ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் உங்கள் வீட்டு ஆட்களிடமும் பழகும். உங்கள் விளைக்குள் வந்துபோகிறவர்களிடம் பழகாது. நம் ஊரில் சிக்கலே அங்கேதான்.

நான் அருமனைக்காரி. நர்ஸ் வேலைக்குக் கனடா போய், கால்கரிக்கு வெளியே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் சில வருஷம் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரத் தம்பதி ஏற்கெனவே வுல்ஃப்டாக் வளர்த்துப் பழகியவர்கள். நான் இருந்த காலத்தில் புதிதாக ஒரு பெண் குட்டி வந்தது, டைகா என்று பெயர் வைத்தார்கள். ஹை கன்டென்ட் என்றால் பொதுவாக முக்கால் பங்குக்கு மேல் ஓநாய் என்று அர்த்தம். விற்பவர் சொல்லும் சதவீதத்தை யாரும் நம்புவதில்லை என்பதால் டைகாவுக்கு டி.என்.ஏ. பார்த்திருந்தார்கள். நான் நைட் டூட்டி முடிந்து வந்து பகலில் பால்புட்டி கொடுப்பேன். அப்படித்தான் எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும்.

"சின்னதிலேயே" என்று நீங்கள் சொல்வது எத்தனை சின்னது? நாய்க்குட்டியை நாம் இரண்டு மாதத்தில் வாங்குவோம். அது நாய்க்குச் சரி. ஓநாய்க்குட்டியை மனிதனிடம் பழக்க வேண்டுமென்றால் இரண்டு வாரத்திலேயே தாயிடமிருந்து எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1972 முதல் இருக்கிற வுல்ஃப் பார்க்கிலும், ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருனில் உள்ள ஓநாய் ஆராய்ச்சி மையத்திலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. நாய்க்குட்டி நாலு வாரம் ஆன பிறகுதான் எழுந்து உலகத்தைப் பார்க்கக் கிளம்பும், அதற்குள் கண், காது, மூக்கு மூன்றும் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஓநாய்க்குட்டி இரண்டு வாரத்திலேயே கிளம்பிவிடும், அப்போது கண்ணும் காதும் தெளிந்திருக்காது, மூக்கு மட்டும்தான். மூக்கால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு காது திறக்கிறது, அதனால் ஒவ்வொரு சத்தமும் அதற்குப் புதுப் பயம். அந்தப் பயம் வருவதற்குள் பழக்கி முடிக்க வேண்டும். கொஞ்ச வாரம்தான் கையில் இருக்கும். அதற்குள் ராத்திரி பகலாக ஒரு ஆள் கூடவே படுத்து எழும்ப வேண்டும். டைகாவுக்காக வீட்டுக்கார அம்மா வேலைக்கு லீவு போட்டார்.

பழக்கியதிலும் குறை வைக்கவில்லை. தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், கைத்தடி ஊன்றுகிறவர், சக்கர நாற்காலியில் வந்தவர், குழந்தைகள் என்று ஊரில் உள்ள அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தரையில் உட்கார வைத்தார்கள். குட்டியாக இருந்தவரை எல்லார் மடியிலும் ஏறியது. ஆறேழு மாதம் ஆனதும் புது ஆள் கேட்டைத் தொட்டாலே கடைசி மூலைக்குப் போய் நின்றுகொள்ளும். இத்தனைக்கும் வந்தவர் பழைய ஆளாகவே இருப்பார், ஜாக்கெட் மட்டும் புதிதாக இருக்கும். நான் ஒரு மாதம் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது என்னையும் பார்த்து ஓடியது. நான் குனிந்து பக்கவாட்டில் உட்கார்ந்து பேசாமல் இருந்தேன். வெகுநேரம் கழித்து வாலைத் தாழ்த்திக்கொண்டு வளைந்து வளைந்து வந்து, என் உள்ளங்கையை மோந்து, பிறகு என் வாயருகே மூக்கை வைத்துப் பல்லை நக்கியது. ஓநாய் ஓநாயிடம் சொல்லும் வணக்கம் அது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பிடிக்காது, அதனால் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (ஊரில் சொன்னால் அம்மை என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.)

நாயை நாலு பேரிடம் பழக்கினால் ஐந்தாவது ஆளையும் அது ஏற்றுக்கொள்ளும். ஹை கன்டென்ட் மிருகத்திடம் அந்தக் கணக்கு நடக்காது, ஒவ்வொரு ஆளும் ஆரம்பத்திலிருந்து அறிமுகமாக வேண்டும். இதை வைத்து நம் ஊரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்ட வருகிறவர், மீன்காரி, தேங்காய் வெட்ட வருகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், போதாததற்கு விளைக்குள் இருக்கிற ஒற்றையடிப் பாதையில் குறுக்கே போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மதில் கட்டினால் பாதை எங்கே என்று பஞ்சாயத்து வரும், அது தனிக் கதை. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, ஊருக்கு ஊர் பள்ளித் திருவிழா, சிங்காரி மேளம், வெடி. டைகா ஒரு கார் கதவு சத்தத்துக்கே சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடும்.

எல்லாரும் வெயிலைத்தான் கேட்கிறார்கள். வெயில் பெரிய தடை என்று எனக்குத் தோன்றவில்லை. தக்காணத்துப் பொட்டல் வெயிலில் வாழ்கிற ஓநாய் நம் நாட்டிலேயே இருக்கிறது. வட அமெரிக்க வகையின் கம்பளி ரோமத்துக்கு நம் புழுக்கம் கஷ்டம்தான், ஆனால் நிழலும் தண்ணீரும் கொடுத்துச் சமாளிக்கலாம். வந்துபோகிற மனிதர்களை அப்படிச் சமாளிக்க முடியாது.

காவலுக்கு ஆகும் என்று நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்நியனைக் கண்டால் குரைக்காது, ஒளியும். ஒளிய இடமில்லாதபோதுதான் கடிக்கும். ஆனால் ஆடு, கோழி, பூனை விஷயத்தில் அந்தப் பயமெல்லாம் கிடையாது.

மதில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எட்டடிக் கம்பிவேலி, மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அடியில் தோண்ட முடியாதபடி வேலியோடு சேர்த்து உள்பக்கம் தரைக்குக் கீழே மூன்றடி அகலத்துக்குக் கம்பிவலை, நுழைய இரட்டைக் கேட். நம் ரப்பர் விளைச் சரிவில் ஒரு மழைக்கு மண் அரித்தால் அந்த வலை வெளியே வந்துவிடும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றால், டைகா கைப்பிடியை அழுத்திக் கதவு திறக்கத் தானே கற்றுக்கொண்டது, ஃப்ரீசரையும் திறந்தது. புடாபெஸ்டில் செய்த ஒரு ஆராய்ச்சி உண்டு. கையால் வளர்த்த ஓநாய்க்கும் நாய்க்கும் திறக்க முடியாத ஒன்றைக் கொடுத்தால், நாய் கொஞ்சம் முயன்றுவிட்டு மனிதன் முகத்தைப் பார்க்கும். ஓநாய் பார்க்காது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். டைகா ஒருநாள் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது, கையை நீட்டாதே என்று வீட்டுக்காரர் என்னைத் தடுத்தார். வாயில் இருப்பது அதனுடையது, பிடுங்கினால் சண்டை. கோழிக்காலைக் காட்டி மாற்றிக்கொண்டோம்.

இதெல்லாம் குட்டிப் பருவம். ஓநாய் முழு வளர்ச்சிக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் குளிர்காலத்தில் இனப்பெருக்கப் பருவத்தோடு குணமும் மாறும். டைகா அந்தப் பருவத்தில் இடுப்பால் இடித்துப் பார்க்கும், சட்டைக் கையைப் பிடித்து இழுக்கும், நேராகக் கண்ணைப் பார்த்து நிற்கும். எனக்குக் கால் சுளுக்கி நொண்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் என்னை வேலிக்குள் விடவே இல்லை. அது பொல்லாத மிருகம் என்பதற்காகச் சொல்லவில்லை, நொண்டுகிற எதையும் அது கவனிக்கும், அவ்வளவுதான். சின்ன வயதில் மடியில் ஏறியது என்பதற்காகக் குழந்தைகளை உள்ளே அனுப்புகிற பழக்கத்தையும் அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று, வெறிநாய்க்கடி ஊசி. அமெரிக்காவில் நாய்க்கு அனுமதித்த தடுப்பூசி எதுவும் வுல்ஃப்டாக்குக்கு அனுமதிக்கப்படவில்லை. நாய் கடித்தால் அதற்கு வெறி இருக்கிறதா என்று பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கலாம். வுல்ஃப்டாக்குக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட கணக்கு இல்லாததால் பல இடங்களில் கடித்ததைக் கொன்று மூளையைச் சோதிப்பார்கள். தெருநாய் நிறைந்த நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சட்டத்துக்கு வருவோம். ஓநாய் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. வெளிநாட்டுக் கலப்பு என்றாலும் முந்தைய நாலு தலைமுறைக்குள் ஓநாய் இருந்தால், அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தம் அதைப் பாதுகாக்கப்பட்ட விலங்காகத்தான் பார்க்கும். ஹை கன்டென்ட் என்றாலே ஓநாய் அவ்வளவு கிட்டத்தில்தான் இருக்கும். ஆகவே காகிதம் எதுவும் இல்லாமல் ஒருவர் உங்களுக்கு அதைத் தருகிறார் என்றால், குற்றம் செய்கிறார் அல்லது ஓநாய் போலத் தெரிகிற ஹஸ்கி நாயை விற்கிறார். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். 2025இல் பெங்களூரில் 50 கோடி ரூபாய்க்கு வுல்ஃப்டாக் வாங்கியதாக ஒரு பேச்சு நாடெல்லாம் பரவியது. அமலாக்கத் துறை போய்ப் பார்த்ததில் அது பொய் என்று பிறகு செய்தி வந்தது.

கோவையிலிருந்து ஒருவர் அனுப்பியதாக நீங்கள் போட்டிருக்கும் படத்தில் குட்டிக்கு முகத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருக்கிறது. ஹை கன்டென்ட் குட்டி பிறக்கும்போது ஒரே அடர் பழுப்பாக இருக்கும், முகத்தில் கோலம் இருக்காது. தாய் என்று அவர் காட்டுகிற நாய்க்கு நீலக் கண், வால் முதுகின் மேல் சுருண்டிருக்கிறது. வளர்ந்த ஓநாய்க்கு நீலக் கண் கிடையாது, வாலும் சுருளாது. அப்புறம், டிசம்பரில் பிறந்தது என்கிறார். வட அமெரிக்க ஓநாய் வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், மே வாக்கில்தான் குட்டி போடும். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாய், தகப்பன் இரண்டின் டி.என்.ஏ. அறிக்கையையும் இறக்குமதிக் காகிதத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அவர் போனை எடுக்கமாட்டார், அதனால் கேட்பதற்கு முன்பே அவர் பேசியது, பணம் போனது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.