காலையில் தேறிய குப்பி மாலையில் தேறுமா?

கேள்வி: நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். காலை 7 மணிக்கு ஜெனரேட்டரிலிருந்து (மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியம் உருவாகும் கலம்) ஸ்கேன் படத்துக்கான கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் 500 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) எடுத்தேன். அதில் கலந்து வந்த மாலிப்டினம்-99, 25 மைக்ரோகியூரி. ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.05 மைக்ரோகியூரி மாலிப்டினம், எங்கள் வரம்பு 0.15. சாயந்திரம் 6 மணிக்கு ஒரு நோயாளிக்கு அதே குப்பியிலிருந்து ஊசி போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்நேரத்துக்குள் அது வரம்பைத் தாண்டியிருக்கும்.

குப்பியில் மாலிப்டினம் கூடுவதில்லை, டெக்னீசியம்தான் வேகமாகச் சிதைந்து குறைகிறது. டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம், மாலிப்டினத்துக்கு 66 மணி நேரம். உங்கள் கணக்கையே பார்ப்போம். மதியம் 1 மணிக்கு டெக்னீசியம் 250 மில்லிகியூரி, மாலிப்டினம் 23.5 மைக்ரோகியூரி. விகிதம் 0.094. ஐந்து மணிக்கு 0.143. ஐந்தரைக்கு 0.15-ஐத் தொட்டுவிடும், ஆறு மணிக்கு 0.159. வரம்பு என்பது ஊசி போடும் நேரத்துக்கானது. காலையில் பதிவேட்டில் எழுதிய எண் அந்த நேரத்துக்கு மட்டுமே சொந்தம்.

மதியமே எம்டிபி கிட் (எலும்பு ஸ்கேனுக்கான மருந்து) கலந்து வைத்திருந்தாலும் இதே கதைதான். மாலிப்டினமும் கூடவே கிட்டுக்குள் போயிருக்கும்.

வரம்பைக் கொஞ்சம்தானே தாண்டுகிறது என்று விடக்கூடாது. மாலிப்டினம் பீட்டா கதிர் வெளியிடுவது, கல்லீரலில் தங்குவது. படத்துக்கு எந்த உதவியும் செய்யாமல் நோயாளிக்குக் கதிர்வீச்சை மட்டும் தருகிறது. அதன் 740 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர், கேமராவின் முன்னால் இருக்கும் ஈயச் சல்லடையான கொலிமேட்டரையும் துளைத்துப் படத்தை மங்கலாக்கும்.

சரி, அந்த நோயாளிக்கு என்ன செய்வது? மறுபடி எடுங்கள். காலையில் இறைத்த கிணறு மாலைக்குள் ஊறுவதுபோல, 11 மணி நேரத்தில் ஜெனரேட்டரில் பாதிக்கு மேல் டெக்னீசியம் திரும்பச் சேர்ந்திருக்கும். புதிதாக எடுத்ததையும் கட்டாயம் சோதியுங்கள். காலையில் தேறியது மாலைக்கு உத்தரவாதம் ஆகாது, ஜெனரேட்டருக்குள் மாலிப்டினத்தைப் பிடித்து வைத்திருக்கும் அலுமினா பத்தி எப்போது வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம்.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குப்பியை ஈயக் குடுவைக்குள் வைப்பதற்கு முன், காலிக் குடுவையை டோஸ் காலிப்ரேட்டரில் (கதிரியக்கத்தை அளக்கும் கருவி) இறக்கி பின்னணி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை ஈயம் தடுத்துவிடும், மாலிப்டினத்தின் கதிர் கணிசமாக வெளியே வரும். நாம் அளப்பது சில மைக்ரோகியூரிதான். பக்கத்து மேசையில் மூடாத சிரிஞ்ச் ஒன்று கிடந்தால்கூட எண் மாறிவிடும்.